"ரொம்பப் படிக்காதே, கை கெட்டுப்போகும்": கலைக்கல்லூரியில் சொல்வது உண்மையா?

கரித்தூள் எழுதியது:

வணக்கம். ஓவியத்தில் இளங்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கொஞ்ச நாளாக மனசை அரித்துக்கொண்டிருக்கிற ஒரு விஷயம். இங்கே கேட்டால் யாராவது நேராகப் பதில் சொல்வீர்கள் என்று எழுதுகிறேன்.

போன செமஸ்டர் ஜூரி, அதாவது வேலைகளைச் சுவரில் மாட்டவைத்துப் பார்த்து மார்க் போடும் பரீட்சை. சுவரில் மாட்டியிருந்த என் கேன்வாஸ்கள் எல்லாமே நீலச் சாம்பல் நிறத்தில், மங்கலான உருவங்கள். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் "ஏன் இந்த நீலம்?" என்றார். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. "ஃபீல் ஆச்சு சார்" என்றேன். அவர் தலையாட்டி, "உன் மொழி உனக்குக் கிடைச்சிருச்சு, விட்டுடாதே" என்று சொல்லிவிட்டு அடுத்த சுவருக்குப் போய்விட்டார். மார்க் தாராளமாக வந்தது.

அடுத்த சுவர் என் வகுப்புத் தோழியுடையது. ஒரே மதில்சுவரைக் காலையில், உச்சியில், சாயங்காலத்தில் என்று வரைந்து வைத்திருந்தாள். நிழல் ஏன் ஒரு நேரம் நீலமாகவும் ஒரு நேரம் ஊதாவாகவும் தெரிகிறது, பக்கத்துச் செங்கல் தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அதில் எவ்வளவு கலக்கிறது என்றெல்லாம் ஒரு நோட்டு நிறைய எழுதியிருந்தாள். அதைப் பிரித்துச் சொல்ல ஆரம்பித்ததுமே, "நீ ரொம்ப யோசிக்கிறம்மா. பெயின்டிங்தான் பேசணும், நீ பேசக் கூடாது" என்று நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு என்னைவிடக் குறைந்த மார்க். எனக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை.

இது ஒருநாள் கதை இல்லை. சீனியர்கள் "ரொம்பப் படிக்காதே, கை இறுகிடும்" என்கிறார்கள். ஸ்டூடியோ ஆசிரியர்கள் தியரி வகுப்பைக் கேலி செய்கிறார்கள். தியரி ஆசிரியர் ஸ்டூடியோ பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கலை வரலாறு என்பது ஸ்லைடு, பெயர், வருஷம், இரண்டு மார்க். பரீட்சை முடிந்தால் அதுவும் முடிந்தது. ஒருமுறை பெயர்பெற்ற ஓவியர் ஒருவர் வகுப்புக்கு வந்திருந்தார். சமீபத்தில் அவர் வேலையை மாற்றிய மாதிரி எதையாவது படித்தாரா, தெரிந்துகொண்டாரா என்று கேட்டேன். "நான் படிக்கிறதில்லை, பார்க்கிறேன்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அவருடைய கேட்டலாக்கைப் புரட்டினால் பல வருஷமாக ஒரே படம், ஃப்ரேம் மட்டும் வேறு.

என் கேள்வி: இந்தப் பேச்சில் ஏதாவது உண்மை இருக்கிறதா? இல்லையென்றால் எங்கள் படிப்பில் உண்மையில் என்னதான் குறைகிறது? மிச்சமிருக்கிற வருஷத்தில் நானாகவே என்ன செய்யலாம்? தயவுசெய்து புத்தகப் பட்டியல் போடாதீர்கள், ஏற்கெனவே நிறைய சேர்த்து வைத்திருக்கிறேன்.

---

தூரிகைவால் எழுதியது:

புரோ, சிம்பிள். யோசிச்சு வரைஞ்சா அது டிசைன், யோசிக்காம வந்தா அது ஆர்ட். எக்ஸாமினர் உன்னைச் சரியா கண்டுபிடிச்சிருக்கார். வர்ற மார்க்கை ஏன் சந்தேகப்படுறே? உன் ஃப்ரெண்டு சயின்ஸ் எடுத்திருக்கலாம்.

---

நிழல்பக்கம் எழுதியது:

கரித்தூள் தம்பி, நான் ஸ்டூடியோ வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவள். ஜூரி மேஜையின் அந்தப் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். நான் சொல்லப்போவது என் பழைய சகாக்கள் சிலருக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

முதலில் தூரிகைவாலுக்கு. "ஓவியன் மாதிரி முட்டாள்" என்று பிரெஞ்சில் ஒரு வழக்கு உண்டு. பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்புக்கு அது பிடிக்காது. ஓவியத்தை மறுபடியும் மூளையின் பக்கம் கொண்டுபோக வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்ததற்கு அந்த எரிச்சலும் ஒரு காரணம். அடுத்தவர்கள் நம்மைத் திட்டிய வசவு அது. இன்று நாமே அதை மெடலாகச் சட்டையில் குத்திக்கொண்டு திரிகிறோம்.

படித்தால் கை கெடும் என்பதற்கு வரலாற்றில் சாட்சி தேடினால் கிடைப்பது நேரெதிர். ஓவியனுக்கு முதலில் வடிவகணிதம் தெரிய வேண்டும் என்று இத்தாலிய அறிஞர் ஆல்பெர்ட்டி 1435-லேயே எழுதிவிட்டார். லியோனார்டோ கதை எல்லாருக்கும் தெரியும், விடுகிறேன். எனக்குப் பிடித்தது குதிரை ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ். இங்கிலாந்தில் லிங்கன்ஷையர் பக்கம் ஒரு பண்ணைவீட்டில் செத்த குதிரைகளைக் கூரையிலிருந்து கொக்கி போட்டு, நிற்கிற மாதிரியே தொங்கவிட்டார். தோல், தசை, எலும்பு என்று ஒவ்வொரு அடுக்காக உரித்து உரித்து வரைந்தார். சுமார் ஒன்றரை வருஷம், அந்த நாற்றத்தில். அச்சுக்குச் செதுக்கித் தர ஆள் கிடைக்காததால் தகடுகளையும் தானே செதுக்கினார். 1766-இல்தான் புத்தகம் வெளியானது. இவ்வளவு "படிப்பு" அவர் கையை இறுக்கியதா என்று தெரிய வேண்டுமானால் அவருடைய விஸில்ஜாக்கெட் ஓவியத்தைப் பார். பின்னணியே இல்லை. வெறும் வெளியில் ஒரு குதிரை துள்ளி நிற்கிறது. மரம், வானம், சவாரிக்காரன் எதன் துணையும் இல்லாமல் குதிரையை அப்படி நிற்கவைக்க, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவனுக்குத்தான் துணிச்சல் வரும்.

இப்போது "நான் படிக்கிறதில்லை, பார்க்கிறேன்" என்ற அந்தப் பெரியவருக்கு வருகிறேன். இதுவும் குதிரைக் கதைதான், பொறுத்துக்கொள்.

பாய்ந்தோடும் குதிரையை ஐரோப்பிய ஓவியர்கள் வெகுகாலம் ஒரே மாதிரிதான் போட்டார்கள். முன்னங்கால் இரண்டும் முன்னால் நீண்டு, பின்னங்கால் இரண்டும் பின்னால் நீண்டு, வயிறு தரைக்கு மேலே பறக்கும். பிரெஞ்சு ஓவியர் ஜெரிகோ 1821-இல் வரைந்த எப்சம் பந்தய ஓவியத்தில் எல்லாக் குதிரையும் அப்படித்தான் பறக்கிறது. ஜெரிகோ குதிரையைப் பார்க்காதவரா? குதிரைப் பைத்தியம். தானே சவாரி செய்தவர், விழுந்து அடிபட்டவர். 1878-இல் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் காமிராக்களை வரிசையாக வைத்துப் படம் எடுத்தபோது விஷயம் வெளியே வந்தது. நாலு காலும் தரையை விட்டு எழும்புவது உண்மை. ஆனால் எழும்புகிற நேரத்தில் அவை வயிற்றுக்கடியில் மடங்கிக் கிடக்கின்றன, நீட்டிக்கொண்டு இல்லை. அத்தனை பேரும் பார்த்தார்கள். குதிரையை அல்ல, முன்னால் வரைந்தவனின் குதிரையைப் பார்த்தார்கள். வெறும் பார்வை என்று ஒன்று கிடையாது தம்பி. நாம் சோதித்துப் பார்க்காத வரை கண் பழைய பாடத்தைத்தான் ஒப்பிக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் சுவாரசியம். பிரெஞ்சு ஓவியர் மெய்ஸோனியே ஆயுள் முழுக்கக் குதிரையை ஆராய்ந்தவர். அந்தப் படங்கள் அவரை உலுக்கிவிட்டன. ஆனாலும் 1881-இல் மைபிரிட்ஜைப் பாரிஸில் தன் வீட்டுக்கே கூப்பிட்டு, கலைஞர்கள் முன்னால் படங்களைக் காட்டவைத்தார். சிற்பி ரோடான் எதிர்வாதம் செய்தார்: காமிரா காலத்தை நிறுத்திவிடுகிறது, ஓவியன் பல கணங்களைச் சேர்த்துத் தருகிறான், அதனால் பொய் சொல்வது போட்டோதான் என்று. அமெரிக்காவில் ஈக்கின்ஸ் என்ற ஓவியர் 1879-80-இல் நாலு குதிரை பூட்டிய வண்டி ஒன்றை வரைந்தார். கால்கள் எல்லாம் மைபிரிட்ஜ் படப்படி துல்லியம். ஆனால் சக்கரத்தின் ஆரங்கள் மட்டும் சுழன்று கலங்கித் தெரிகின்றன! குதிரை உறைந்து நிற்கிறது, சக்கரம் ஓடுகிறது. தகவலை வாங்கிக்கொண்டார், அதன் விளைவு வரைக்கும் போகவில்லை. இப்படிக் குறை சொல்ல முடிகிறதே, அதுதான் அந்த ஓவியத்துக்குக் கிடைத்த மரியாதை. உன் நீலத்தைப் பற்றி அந்த ஜூரியில் யாராவது இப்படி ஒரு குறை சொல்ல முடியுமா? "ஃபீல் ஆச்சு" என்ற பிறகு அங்கே சரி இல்லை, தப்பும் இல்லை.

உன் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான். படிப்பில் குறைவது புத்தகம் அல்ல. நீ தப்பு என்று தெரியவருகிற இடம் அங்கே இல்லை. லைஃப் டிராயிங்கில் கொஞ்சம் இருந்தது. முழங்கை தப்பான இடத்தில் மடிந்தால் பியூனுக்கும் தெரியும். அதையும் இப்போது "ஸ்டைல்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். மற்றதெல்லாம் "நல்லா இருக்கு" அல்லது "இன்னும் கொஞ்சம் எக்ஸ்ப்ளோர் பண்ணு". இந்த இரண்டு வாக்கியத்தை வைத்துக்கொண்டே சம்பளம் வாங்கி ரிட்டயர் ஆனவர்களை எனக்குத் தெரியும்.

தப்பு தெரியவருகிற பயிற்சி எப்படி இருக்கும் என்று கேட்டால் ஜோசப் ஆல்பெர்ஸைச் சொல்வேன். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்து ஆசிரியரானவர். 1933-இல் அது மூடப்பட்டதும் அமெரிக்காவில் பிளாக் மவுண்டன் கல்லூரிக்குப் போனார், 1950-இலிருந்து யேல் பல்கலைக்கழகம். அவர் வகுப்பின் முதல் சவால்களில் ஒன்று: ஒரே நிறத்தை இரண்டு வேறு நிறமாகத் தெரியவை. ஒரே தாளில் வெட்டிய இரண்டு துண்டு, அடியில் வேறு வேறு நிறத் தாள். அவ்வளவுதான். வேறாகத் தெரியும், அல்லது தெரியாது. உன் ஆத்மா, உன் பின்புலம், உன் மொழி எதுவும் உதவிக்கு வராது.

நான் இதை வகுப்பில் வைத்தபோது எல்லாராலும் "கலரிஸ்ட்" என்று கொண்டாடப்பட்ட பையன் மதியம் முழுக்கக் காகிதத்தை வெட்டி வெட்டி ஒட்டினான். ஒன்றும் நகரவில்லை. பளிச்சென்ற நிறங்களாக எடுத்தான், அவை அசையவே அசையாது. வாயே திறக்காத ஒரு பெண், யாரும் சீந்தாத ஒரு மங்கலான காவியை எடுத்தாள். மஞ்சள் தாள்மேல் வைத்தால் அழுக்குப் பழுப்பு. அடர் ஊதாமேல் வைத்தால் கடுகுப் பொன். இரண்டும் ஒரே தாளின் துண்டு என்று யாரும் நம்பவில்லை. பிய்த்துக் காட்டு என்றார்கள். பிய்த்தாள். அப்புறம் நடந்தது சண்டை. ஏன் மஞ்சளில் செத்துப்போகிறது, ஊதாவுக்குப் பதில் நீலம் வைத்தால் என்ன ஆகும் என்று ஆளுக்கு ஒரு பக்கம் கத்தினார்கள். அவ்வளவு உயிருள்ள வாக்குவாதத்தை நான் எந்த ஜூரியிலும் கேட்டதில்லை.

உன் தோழியிடம் சொல்: அவள் நோட்டு நல்ல பரம்பரையில் வந்தது. கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்துவந்த வேதியியலாளர் ஷெவ்ரல், கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்ற புகாரைத் துருவிக்கொண்டே போனார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நிற்கிற நிறம்தான் கறுப்பைக் கெடுக்கிறது என்று கண்டார். 1839-இல் அதைப் புத்தகமாகப் போட்டார். பின்னால் வந்த ஓவியர்கள் பலர் அதில் பிழைத்தார்கள். புள்ளி புள்ளியாக நிறம் வைத்து வரைந்த செரா அவர்களில் ஒருவர்.

---

களிமண் எழுதியது:

மேடம் சொன்னதில் பாதிக்கு நான் கை தூக்குவேன். மீதிப் பாதிக்கு ஒரு எச்சரிக்கை. நான் சிற்பம், முதுகலை முடித்தவன். எங்கள் இடத்தில் நோய் தலைகீழ். அங்கே எல்லாரும் படிப்பார்கள். படிப்பார்கள் என்றால், மேற்கோள் எடுப்பார்கள். களிமண்ணில் கை வைக்கிறதுக்கு முன்னாலேயே கான்செப்ட் நோட் தயார். கேள்வி கேட்டால் இரண்டு தத்துவவாதி பெயர் வரும், கேட்டவன் அடங்கிவிடுவான். "ஃபீல் ஆச்சு" என்பதும் இதுவும் ஒரே வேலையைத்தான் செய்கிறது, பேச்சை நிறுத்துகிறது. இவர்களும் சோம்பேறிகள்தான், இங்கிலீஷ் மட்டும் நல்லா வரும்.

ஒரு குரூப் ஷோவில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு விஷமம் செய்தோம். சுவரில் ஒவ்வொருவர் வேலைக்கும் பக்கத்தில் ஒட்டியிருந்த ஸ்டேட்மென்ட்டுகளைத் திறப்பு விழாவுக்குக் கொஞ்சம் முன்னால் இடம் மாற்றி ஒட்டிவிட்டோம். எல்லாவற்றிலும் நினைவு, உடல், இடம், அடையாளம், எல்லை. சாயங்காலம் முழுக்க ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. ஒருவர் நின்று நிதானமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். வேலைக்குச் சொந்தக்காரர்களிலேயே இரண்டு பேர் தங்கள் சுவரில் இருந்ததைக் கவனிக்கவில்லை. இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

மாட்டிக்கொண்டது ஒன்றே ஒன்று. ஒரு ஜூனியர் எழுதியது, நாலு வரி. ஈரத் துணிக்குள் பிளாஸ்டர் ஊற்றினேன், இறுகும்போது சூடாகித் துணியோடு ஒட்டிக்கொண்டது, உரிக்கும்போது நூல் தடம் மேலே பதிந்துவிட்டது, தேய்த்து எடுக்கலாம் என்று நினைத்து விட்டுவிட்டேன், ஏனென்றால் அந்தத் தடம் இல்லாமல் பார்த்தால் அது வெறும் கட்டி. இதை ஒரு வீடியோ இன்ஸ்டலேஷன் பக்கத்தில் ஒட்டியிருந்தோம். வந்தவர்கள் எல்லாரும் "இது எதுக்கு இங்கே?" என்றார்கள்.

இன்னொன்று. "தியரி பேப்பர் சேர்த்தால் சரியாகிவிடும்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். பிரிட்டனில் 1960-இல் கோல்ட்ஸ்ட்ரீம் அறிக்கை வந்து, புது டிப்ளமாவில் கலை வரலாற்றையும் துணைப் படிப்புகளையும் கட்டாயமாக்கினார்கள். படிப்பு நேரத்தில் சுமார் 15 சதவீதம் அதற்கு. நோக்கம் நல்லது. ஆனால் பல இடங்களில் அது ஒரு தனி அறை, தனி ஆசிரியர், தனிப் பரீட்சை என்று ஸ்டூடியோவோடு ஒட்டாமல் நின்றுவிட்டது. 1968-இல் லண்டன் ஹார்ன்சி கலைக்கல்லூரி மாணவர்கள் கல்லூரியையே கையில் எடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். தகராறு ஆரம்பித்தது மாணவர் சங்கப் பணத்தில். ஆனால் உள்ளே உட்கார்ந்து ராவும் பகலும் பேசியது பாடத்திட்டத்தைப் பற்றி. உங்கள் கல்லூரியில் தியரிக்காரரும் ஸ்டூடியோக்காரரும் முகம் பார்ப்பதில்லை என்றீர்களே, அது பழைய வியாதி.

---

வார்னிஷ் எழுதியது:

நான் ஓவியங்களைப் பழுதுபார்க்கிற தொழிலில் இருக்கிறேன். உங்கள் பட்டம் வாங்கியவர்களின் வேலைகள் கடைசியில் என் மேஜைக்குத்தான் வருகின்றன, அதனால் ஒரு வார்த்தை.

எக்ஸாமினர் "ஏன் இந்த நீலம்?" என்று கேட்டாராம். எந்த நீலம் என்று யாராவது கேட்டார்களா? டியூபின் முதுகில் நிறமியின் குறியீட்டு எண் சின்ன எழுத்தில் இருக்கும். பிபி 29 என்றால் அல்ட்ராமரீன், பிபி 15 தாலோ, பிபி 27 பிரஷ்யன். மூன்றும் வெள்ளையோடு கலந்தால் மூன்று வேறு சாம்பல். பட்டம் வாங்கி வெளியே வருகிறவர்களில் இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தவர்கள் அபூர்வம். ஆயில் மேல் அக்ரிலிக் பூசக் கூடாது, உரிந்து வரும் என்பதே தெரியாமல் பூசியதைப் பார்த்திருக்கிறேன். தட்டினால் தகடாகக் கையில் வருகிறது.

இது சின்னவர்கள் குறை மட்டும் இல்லை. ஜோஷுவா ரெனால்ட்ஸ் ராயல் அகாதெமியின் முதல் தலைவர். 1768-இல் அது தொடங்கியதிலிருந்து மாணவர்களுக்கு உரை உரையாக நிகழ்த்தியவர். சீக்கிரம் மங்குகிற சிவப்பைப் பூசியதால் அவர் வரைந்த முகங்கள் அவர் உயிரோடு இருக்கும்போதே வெளிறின. அமெரிக்க அரூப ஓவியர் ராத்கோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குச் சுவரோவியங்கள் வரைந்தார். 1964-இல் வெயில் கொட்டுகிற சாப்பாட்டு அறையில் மாட்டினார்கள். அதில் அவர் பயன்படுத்திய லித்தால் ரெட் என்ற சிவப்பு நிறமி நிற்கவில்லை. கருஞ்சிவப்பாக இருந்தது வெளிர் நீலமாக ஆனது. 1979-இல் இறக்கி வைத்துவிட்டார்கள். 2014-இல் மறுபடி காட்டியபோது ஓவியத்தைத் தொடாமல், போன நிறத்தை மட்டும் புரொஜெக்டர் வெளிச்சமாக அதன்மேல் விழவைத்தார்கள். வான்கோ தன் படுக்கையறைச் சுவரை வெளிர் ஊதா என்று கடிதத்தில் எழுதுகிறார், நாம் பார்ப்பது நீலம். ஊதாவுக்குள் இருந்த சிவப்பு போய்விட்டது. வித்தியாசம் என்னவென்றால், தான் வாங்குகிற நிறங்கள் நிற்காது என்று வான்கோவுக்குத் தெரியும். தம்பிக்கு எழுதுகிறார், அதனால் இன்னும் அழுத்தமாகவே பூசிவிடலாம் என்று. தெரிந்து எடுத்த முடிவு அது.

கரித்தூள், நிழல்பக்கம் மேடம் கேட்ட "தப்பு தெரியவருகிற" பயிற்சிக்கு என்னிடம் ஒன்று உண்டு, கஷ்டமே இல்லை. உங்களிடம் இருக்கிற எல்லா டியூபிலிருந்தும் ஒரு தாளில் பட்டை பட்டையாக இழுங்கள், ஒவ்வொன்றும் பாதி கெட்டியாக, பாதி வெள்ளை கலந்து. பக்கத்தில் எண்ணை எழுதுங்கள். குறுக்கே பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒட்டிவிட்டு மறந்துவிடுங்கள். சில மாதம் கழித்துத் தாளை உரித்துப் பாருங்கள். அலிஸாரின் கிரிம்ஸன், அதாவது பிஆர் 83 வைத்திருந்தால் அந்தப் பட்டையை முதலில் பாருங்கள்.

---

கரித்தூள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. டியூபைத் திருப்பிப் பார்த்தேன். நான் நீலம் என்று ஒன்றாக நினைத்துக்கொண்டிருந்தது பிபி 15-உம் பிபி 29-உம் கலந்தது. எது எந்தப் படத்தில் என்று எனக்கே தெரியவில்லை.

மேடம், இரண்டு சந்தேகம். ஒன்று, ஸ்டைலை விடாதே என்கிறார்களே, ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் செய்வது எப்போதுமே சோம்பேறித்தனமா? இரண்டு, உள்ளுணர்வு என்று ஒன்று இருக்கத்தானே செய்கிறது? வரையும்போது எனக்கு நிஜமாகவே அந்த நீலம் தோன்றியது. பொய் சொல்லவில்லை.

---

நிழல்பக்கம் எழுதியது:

தம்பி, நீ பொய் சொன்னாய் என்று யார் சொன்னது?

முதல் சந்தேகம். இத்தாலிய ஓவியர் மொராண்டி ஆயுள் முழுக்கப் பெரும்பாலும் ஜாடியும் குப்பியும்தான் வரைந்தார். அவரைச் சோம்பேறி என்றால் நாக்கு அழுகிவிடும். ஒரு குப்பியை விரல்கடை நகர்த்தினால் பக்கத்துக் குப்பிக்கும் அதற்கும் இடையிலிருந்த இடைவெளி என்ன ஆகிறது, இரண்டு விளிம்பும் ஒரே கோட்டில் வந்து தொட்டால் எது முன்னே எது பின்னே என்ற குழப்பத்தை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று ஒவ்வொரு படத்திலும் ஒரு கேள்வி இருக்கிறது. இரண்டு மொராண்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது மாறியது என்று விரலால் தொட்டுக் காட்டலாம். அந்தப் பெரியவரின் கேட்டலாக்கில் அப்படிக் காட்ட முடிகிறதா பார். முடிந்தால் அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

எதிர்ப்பக்கம் பிலிப் கஸ்டன். அரூப ஓவியத்தில் பெரிய பெயர். 1970-இல் நியூயார்க்கில் மார்ல்பரோ கேலரியில் முக்காடு போட்ட உருவங்களும் சுருட்டும் செருப்பும் சுவர்க் கடிகாரமுமாகக் கேலிச்சித்திரம் மாதிரி கொண்டுவந்து மாட்டினார். விமர்சகர்கள் கிழித்தார்கள். இசையமைப்பாளர் மார்டன் ஃபெல்ட்மன் மாதிரி நெருங்கிய நண்பரே விலகிப்போனார். அப்போது கஸ்டனுக்கு ஐம்பது தாண்டி வெகுநாள். உன் ஜூரியில் நின்றிருந்தால் "கிடைச்ச மொழியை விட்டுட்டியேப்பா" என்று மார்க்கைக் குறைத்திருப்பார்கள். இருபது வயதில் ஒருவனுக்கு "மொழி கிடைத்துவிட்டது" என்று சொல்வதைவிடப் பெரிய துரோகம் ஒரு ஆசிரியரால் செய்ய முடியாது என்பது என் கட்சி.

உள்ளுணர்வு. உண்டு, ஆனால் அதுவும் எங்கிருந்தோ வந்ததுதான். வங்க ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜிக்குப் பிறவியிலேயே பார்வை மோசம், 1957-இல் முழுக்கப் போய்விட்டது. அதற்குப் பிறகும் காகிதத்தை மடித்து, வெட்டி, ஒட்டி வேலை செய்தார். 1972-இல் சாந்திநிகேதன் கலாபவனத்தில் ஓடுகளால் ஒரு சுவரோவியமே அமைத்தார். கண் இல்லாமல் கைக்குத் தெரிந்தது என்றால், அதற்கு முந்தின பல வருஷம் அந்த ஆள் இடத்தையும் உருவத்தையும் பற்றி எவ்வளவு யோசித்திருக்க வேண்டும்! உனக்குத் தோன்றிய நீலமும் எங்கிருந்தோதான் வந்தது. ஃபோனில் தினம் பார்க்கிற படங்களிலிருந்தா, முதல் வருஷ ஆசிரியரிடமிருந்தா, அல்லது நிஜமாகவே உன்னிடமிருந்தா? நீதான் தேடிப் பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த கேன்வாஸைத் தொடுவதற்கு முன், அதன் பின்பக்கம் பென்சிலில் எழுது: இந்த நீலம் இங்கே என்ன செய்யும் என்று நினைக்கிறேன். உருவத்தைப் பின்னால் தள்ளுமா, குளிரவைக்குமா, பக்கத்திலிருக்கிற தோல் நிறத்தைச் சிவக்கவைக்குமா? ஒரே வாக்கியம் போதும், ஆனால் தப்பாகப் போகக்கூடிய வாக்கியமாக இருக்க வேண்டும். "ஏக்கத்தை வெளிப்படுத்தும்" என்று எழுதினால் செல்லாது. முடித்ததும் அந்த வாக்கியத்தை மறைத்துவிட்டு உன் தோழியைக் கூப்பிட்டு, அவள் என்ன பார்க்கிறாள் என்று கேள். அப்புறம் திருப்பு. அவளுக்கும் நீ இதே வேலையைச் செய். ஜூரி கிடக்கட்டும், மார்க் போடுகிறவர்கள் போடட்டும். ஆளுக்கு ஒரு சந்தேகப் பிராணி பக்கத்தில் இருந்தால் போதும்.

ஆல்பெர்ஸ் பயிற்சியையும் சேர்ந்தே செய்யுங்கள். பெயின்ட்டில் வேண்டாம், நிறத் தாளில். பெயின்ட்டில் செய்தால் கலக்கும்போதே கை இரண்டு நிறத்தையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிவிடும், அப்புறம் ஏமாற்றியது பின்னணியா நீயா என்று தெரியாது.

---

கரித்தூள் எழுதியது:

அவளிடம் காட்டினேன், நாளைக்கே ஆரம்பிக்கலாம் என்கிறாள். பளபளப்பான ஆர்ட் பேப்பர் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அது ஆகுமா?

---

நிழல்பக்கம் எழுதியது:

ஆகாது. மினுக்கு இருந்தால் ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்து நிறத்தையே மாற்றிக் காட்டும். மேட் தாள் எடுங்கள். பழைய பத்திரிகைப் பக்கங்களும் ஆகும், சாய்த்துப் பார்த்து மினுங்காததாக எடுத்தால் போதும். துண்டுகள் இரண்டும் ஒரே பக்கத்திலிருந்து, அடுத்தடுத்து வெட்டியதாக இருக்கட்டும். இல்லையென்றால் அச்சு மை வித்தியாசத்திலேயே உங்கள் சண்டை முடிந்துவிடும்.